தவராசாவின் வெப்பத் தாள்

தவராசாவுக்குக் குளிரைத் தெரியும். ஒக்லாந்தில் மீனும் இறைச்சியும் வைக்கும் ஒரு குளிர்களஞ்சியத்தில் இருபத்தாறு வருடம் இயந்திரங்களைப் பார்த்தவர். உள்ளே எப்போதும் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை. கதவைத் திறந்து வைப்பதுதான் அங்கே பெரிய குற்றம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்த்து, வாசலில் தொங்கும் தாளில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அளவு தவறினால் ‘காரணம்’ என்ற கட்டத்தையும் நிரப்ப வேண்டும். ஓய்வு பெற்ற அன்று கிடைத்த கைக்கடிகாரத்தை அவர் மேசை லாச்சியில் போட்டுவிட்டார். தாள் மாட்டும் பலகையை மட்டும் தானாகக் கேட்டு வாங்கி வந்தார்.

ஒக்லாந்தின் மேற்கே, ரானுயியில் அவர்களுடையது பழைய பலகை வீடு. குளிரைத் தடுக்கச் சுவருக்குள் ஒன்றும் இல்லை. மனைவி யோகராணிக்கு ஐந்து வருடமாக நெஞ்சு வருத்தம். இரண்டு குளிர்காலங்களை ஆஸ்பத்திரியில் கழித்துவிட்டாள். படுக்கையறை பதினெட்டுப் பாகைக்குக் கீழே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார். மகள் கிருசாந்தி அதைவிட வெளிப்படையாகச் சொன்னாள்:

“அப்பா, இன்னொருக்கா அம்மாவை ஆஸ்பத்திரியில வைச்சா, நான் இஞ்ச கூட்டிக்கொண்டு வந்திடுவன். பிறகு என்னோட சண்டை பிடிக்க வேண்டாம்.”

‘இஞ்ச’ என்றால் நகரத்தின் மறுகோடியில், பாட்டனி டவுன்ஸில் அவள் வீடு. அங்கே கிருசாந்தியின் மாமனாரும் மாமியாரும் ஏற்கனவே இருந்தார்கள். மிஞ்சியிருந்தது ஒரு கட்டில் போடும் அறை. யோகராணி போனால் தனியாகத்தான் போக வேண்டும்.

ஆகவே தவராசா குளிர்காலம் வருமுன், ஏப்ரலிலேயே ஆராய்ச்சியைத் தொடங்கினார். வீட்டோடு வந்த விறகு அடுப்பை முதலில் மூட்டினார். வாங்கிய விறகு ஈரம். அறை முழுக்கப் புகை. யோகராணி இருமிய இருமலில் பழைய தலையணையைத் திணித்துப் புகைபோக்கியை அடைத்தார். எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீற்றர் மூன்று மணித்தியாலம் ஓடியும் பக்கத்தில் இருந்தவரின் முழங்காலைத்தான் சூடாக்கியது. வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுக்கும் ஹீற் பம்ப் என்ற பேச்சையே அவர் எடுக்க விடவில்லை.

“அது பிரிட்ஜைத் திருப்பி வைச்ச சாமான். வெளிக் குழாயில ஐஸ் கட்டும். நான் எவ்வளவு ஐஸைச் சுரண்டினவன்!”

வெற்றி பெற்றது சக்கரம் வைத்த காஸ் ஹீற்றர். பின்னால் சிலிண்டர், முன்னால் சிவந்த தட்டு. இருபது நிமிடத்தில் பதினெட்டு. கதவுகளின் அடியில் துவாய்களைத் திணித்தார். ஜன்னல் விளிம்புகளை நாடா ஒட்டி மூடினார். படுக்கையறை வாசலில் தாள் பலகையை மாட்டினார்.

“என்னப்பா, மூச்சு முட்டுது. ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறவுங்கோவன்.”

“திறந்தா ரெண்டு பாகை போயிடும். இஞ்ச பாரும், பத்தொன்பது!”

“நான் என்ன மீனே, தாளில எழுதி வைக்க?”

“மீன் இவ்வளவு கதைக்காது.”

யோகராணி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நிற்க நெடுநேரம் எடுத்தது.

காலையில் கண்ணாடிகளில் தண்ணீர் வழிந்தது. துவாயால் ஒற்றி வாளிக்குள் பிழிந்தார். அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. அதன் மேல் வெள்ளை அடித்தார். பின்னேரங்களில் புட்டு அவிக்கும் ஆவிதான் காரணம் என்று முடிவு கட்டி அதை நிறுத்தச் சொன்னார். அன்றிலிருந்து யோகராணிக்கு இரவில் கடையில் வாங்கிய பாண் ரொட்டி.

ஓகஸ்டில் நெஞ்சுநோய்ப் பிரிவின் தாதி வித்தியா வீட்டுக்கு வந்தாள். திருச்சிக்காரி. படுக்கையறை வாசலில் நின்று தாளைப் படித்தாள்.

“ரொம்ப நேர்த்தியா எழுதியிருக்கீங்க, அங்கிள். ஒரு நாள்கூட விடல.”

தவராசா தலையசைத்தார். இருபத்தாறு வருடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்துக் கட்டிலருகே வைத்தாள். சற்று நேரத்தில் அது எண்பத்தாறு காட்டியது.

“இதென்ன பாகை?”

“பாகை இல்ல அங்கிள், ஈரப்பதம். காஸ் எரிஞ்சா தண்ணியும் வரும், கெட்ட புகையும் வரும். இந்த ஹீட்டருக்கு அது வெளிய போக வழியே கிடையாது. நீங்க ஜன்னலையும் ஒட்டிட்டீங்க. ஆன்ட்டி இத்தனை நாளா இதைத்தான் இழுத்துக்கிட்டு இருக்காங்க.”

“அப்ப புட்டு இல்லையோ?”

“புட்டு கொஞ்சந்தான்.”

கட்டிலில் இருந்து யோகராணி சொன்னாள்: “நாலு மாசமா எனக்குப் பாணைத் தீத்தினவர், பிள்ளை.”

அறியாமை மனிதனை ஓரளவுதான் வழிதவற வைக்கும். ஓரிடத்தில் உண்மையாக இருந்த அறிவை இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறவன் அதைவிடத் தூரம் போய்விடுகிறான். தவராசா எழுதிய எண்களில் ஒன்றும் பொய்யில்லை. குளிர்களஞ்சியத்துக்குள் யாரும் மூச்சு விடுவதில்லை என்பதைத்தான் அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

அன்றே நாடாக்களைக் கிழித்தார். காஸ் ஹீற்றரை வெளியே உருட்டி வைத்தார். நான்காம் நாள் யோகராணிக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். நுரையீரலில் இழந்தது திரும்ப வராது, இனி வீட்டிலும் ஒட்சிசன் வேண்டும் என்றார்கள். கிருசாந்தி தாயின் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கினாள். அவரோடு சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் ஹீற் பம்ப் பூட்டினார்கள். அரை நாள் வேலை. முதல் சில நாள் இரவு முழுக்க ஓடவிட்டு, வெளிக் குழாயில் ஐஸ் கட்டுகிறதா என்று விடியற்காலைகளில் டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒரே ஒருநாள் வெண்மையாகப் படிந்தது. இயந்திரம் தானாகவே அதை உருக்கிக்கொண்டது. இந்த ஊரின் குளிர் அவ்வளவுதான். அவர் பயந்த குளிர், களஞ்சியத்துக்குள்தான் இருந்தது.

தாளில் ஈரப்பதத்துக்கு இன்னொரு கோடு இழுத்தார். வித்தியா சொன்னபடி காலையில் பத்து நிமிடம் ஜன்னல்களைத் திறந்து வைக்கிறார். சில நாள் திறந்தபடியே கிடக்கும்.

செப்டெம்பரில் ஒரு காலை, அவர் தாளின் முன்னால் நிற்கும்போது மகள் வீட்டிலிருந்து யோகராணி போன் எடுத்தாள். அவளுடைய குரலுக்குப் பின்னால் ஒட்சிசன் இயந்திரம் முனகியது. சின்னக் கொம்பிரசர். கேட்டவுடனே அவருக்குத் தெரிந்தது.

“வீடு சூடாக் கிடக்கே?”

“ஓம், பத்தொன்பது. ஈரம் ஐம்பத்தினாலு.”

“அப்ப நல்லது. புட்டு அவிக்கிறனீங்களே?”

“எனக்கு எங்க அவிக்கத் தெரியும்? நீர் வாருமன்.”

இயந்திரம் மூன்று தரம் முனகியது.

“இனி எங்கையப்பா,” என்றாள். “குளியலறைக்குப் போகவே ஏலாமக் கிடக்கு.”

போனை வைத்தார். ஹீற் பம்ப் நிறுத்தியபடி இருந்தது. தனக்காக அவர் அதைப் போடுவதில்லை. சுவரில் இருந்த மானி பதினொன்று காட்டியது. பதினொன்று என்று எழுதினார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் வெறுமையாகவே விட்டிருந்த ‘காரணம்’ கட்டத்தில் பேனாவை வைத்து, சற்று யோசித்து, ‘ஆள் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.