என் நிரையை நட்டவள்

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதம். கீரிமலைக்குப் போகும் வழியில் உள்ள எங்கள் ஊரில் வெங்காய நடுகை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

எங்கள் முன்னோர் தேயிலைத் தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து இலங்கையின் மலையகத்துக்கு வந்தவர்கள். இனக்கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு யாழ்ப்பாணம் வந்த எட்டுக் குடும்பங்கள் நாங்கள். பெண்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் கூலிக்குப் போவோம். கொழுந்து பறித்த காலத்தில் ஆளுக்கொரு நிரை, ஒரு வரிசை, என்று பிரித்ததைப்போலவே வெங்காயத்துக்கும் நிரை பிரிப்போம். ஒருத்தி வராவிட்டால் அவள் நிரை மற்றவர்கள் தலையில் விழும்.

அந்த நாள் பார்த்து எனக்கு நர்ஸ் வேலைக்கான தாதியர் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு. கூட்டத்தில் யாரிடமும் நான் மூச்சுக்கூட விடவில்லை. காரணம் இருந்தது. எங்கள் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி ஒரு பெரியம்மா. அவருடைய மகள் என் வகுப்புத் தோழி, என்னைவிடக் கெட்டிக்காரி. அவளுக்குக் கொழும்புக் கம்பஸில், பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்தபோது, "பொம்பளப் புள்ளயத் தனியா அனுப்புறதா?" என்று எட்டு வீடும் கூடிப் பேசியே அவளை வெங்காயத் தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். அதனால் எனக்குக் காய்ச்சல் என்று அம்மா தோட்டத்தில் போய்ச் சொல்லிவிட்டார்.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், வேலை முடிந்த முழுக் கூட்டமும் சந்தியில் நிற்கிறது. நான் சேலையும் கையில் ஃபைலுமாக. பெரியம்மா கையில் ஒரு போத்தல். மத்தியானம் எனக்கு மல்லித்தண்ணி கொண்டுபோய், பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"காய்ச்சக்காரிக்குச் சீல நல்லாத்தான் இருக்கு" என்றார். வெட்கத்தில் செத்தேன்.

"சொன்னா மறிச்சுப்போடுவியள் எண்டு பயந்திட்டன்."

"மறிச்சிருப்பேன்தான்" என்றார். பக்கத்தில் நின்ற மகளின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

என் நிரையை யார் நட்டது என்று கேட்டேன். தோழி செம்மண் படிந்த கையை உயர்த்தினாள்.

"நான்தான். காலமை நீ பஸ்ஸுக்கு ஓடேக்கையே கண்டிட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உன்னட்டை என்ன கேட்டவை?"

வீடு வரைக்கும் விடவில்லை. ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் என்னைவிட நன்றாகப் பதில் சொன்னாள்.

இப்போது நான் ஒரு ஆஸ்பத்திரியில் தாதி. எங்கள் எட்டு வீட்டுப் பெண் பிள்ளைகளில் இரண்டு பேர் கம்பஸில் படிக்கிறார்கள். அவர்களை அனுப்பச் சொல்லி முதலில் வாய் திறந்தவர் பெரியம்மாதான். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் வெள்ளை உடுப்புப் போடும் ஒவ்வொரு காலையும் ஒரு குறுகுறுப்பு: என் நிரையை முடித்துத் தந்தவள் இன்னும் வெங்காயத் தோட்டத்தில்தான்; அவளுடைய நிரை பாதியிலேயே நிற்கிறது, அதற்குள் இறங்கிக் கைகொடுக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.