பாவு முடிந்தால் குதிரை

ஊரில் எல்லோரும் மே மாதம் மலைக்குப் போவார்கள். என் பெண்டாட்டி தேவகி மட்டும் பாவு முடிந்தால் போவாள். அது ஐப்பசி மழையாக இருக்கலாம், மார்கழிப் பனியாக இருக்கலாம், எவனும் வீட்டைவிட்டுத் தலை நீட்டாத நாளாக இருக்கலாம். அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. தறியில் பாவு தீர்ந்ததா, அலமாரி மேலிருக்கும் நீலப் பையை இறக்கு, ஏலகிரிக்குக் கிளம்பு. அங்கே போய் ஏரியைப் பார்ப்பாளா, பூங்காவைப் பார்ப்பாளா என்றால் அதுவும் கிடையாது. காலையில் குதிரை, சாப்பிட்டுவிட்டுக் குதிரை, இருட்டும்வரை குதிரை. தங்குகிற நாளெல்லாம் இதே கூத்து.

ஆரணியில் பாவு என்றால் என்ன என்று யாருக்கும் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பட்டு நூல்தான் பாவு. சில சேலைகள் நெய்ததும் அது தீர்ந்துவிடும். பிறகு புதுப் பாவைக் கொண்டுவந்து பழைய நூலின் முனைகளோடு இழை இழையாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. அதற்கென்று தனி ஆள் உண்டு. கொசப்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு அந்த ஆள் நான்தான், முத்துவேல். நான் வரும்வரை தறி சும்மா கிடக்கும். மற்ற வீடுகளையெல்லாம் முடித்துவிட்டுச் சொந்த வீட்டுத் தறிக்குக் கடைசியில்தான் வருவேன். அந்த இடைவெளியைத்தான் இவள் விடுமுறையாகப் பிடித்துக்கொண்டாள். அதிலும் கொடுமை, கூடவே நானும் போக வேண்டும். பிணைக்கிறவன் மலையில் செருப்பையும் பிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு நின்றால் தெருவில் இருக்கிற தறிகள் என்ன ஆகும்? என் போன் அலறிக்கொண்டே இருக்கும்.

இதைத் தொடங்கி வைத்த புண்ணியவான் எங்கள் முதலாளி பரசுராமன். எங்கள் மகள் சரண்யா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு தீபாவளி வியாபாரம் நன்றாகப் போன சந்தோஷத்தில், தனக்கு நெய்கிற குடும்பங்களையெல்லாம் வேன் வைத்து ஏலகிரிக்குக் கூட்டிப் போனார். அதுவரை தேவகி போளூரைத் தாண்டியதில்லை. தேவிகாபுரத்தில் பிறந்து, பாவாடை கட்டிய வயசிலேயே தறிக்குழியில் இறங்கி, கல்யாணமாகி ஆரணிக்கு வந்து, இங்கேயும் தறிக்குழியில் இறங்கியவள். மலையில் எல்லோரும் படகுக்கு ஓடினார்கள். இவள் ஏரிக்கரையில் நின்ற ஒரு செவலைக் குதிரையிடம் போனாள். போட்டோவுக்குத்தான் என்று நினைத்தேன்.

ஏறி உட்கார்ந்ததும் செய்தாள் பாருங்கள் ஒரு காரியம். எங்கள் தறியில் உட்கார்ந்தால் கால் கீழே குழிக்குள் தொங்கும். அங்கிருக்கும் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தினால்தான் பாவு விரிந்து நடுவில் குறுக்கு நூல் சுற்றிய நாடா ஓடும். காலமெல்லாம் அப்படியே பழகிய கால். சேணத்தில் தொங்கும் வளையத்தில் பாதத்தை நுழைத்ததும் அது பாட்டுக்கு வலது, இடது, வலது, இடது என்று மிதிக்கத் தொடங்கிவிட்டது. குதிரைக்கு என்ன தெரியும்? ஓடச் சொல்கிறார்கள் என்று நினைத்து, குதிரைக்காரன் ராஜேஷின் கையை உதறிவிட்டு நேராகப் பஜ்ஜிக் கடைக்குள் போய் நின்றது. கடைக்காரர் கரண்டியோடு கத்தினார். நான் விழுந்தடித்து ஓடினேன்.

"யக்கா, காலை ஆட்டாதீங்க, காலை ஆட்டாதீங்க" என்று ராஜேஷ் கெஞ்சினான்.

அவளோ மேலே உட்கார்ந்து சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு தடவையோடு போய்விடும் என்று நினைத்ததால் வந்த சந்தோஷம் அது.

எங்கே போனது? சரண்யா காலேஜ் முடித்துச் சென்னையில் வேலைக்கே போய்விட்டாள், அவளுடைய பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு இவள் இன்னும் குதிரை ஏறுகிறாள். ஊருக்கெல்லாம் பட்டுச்சேலை நெய்கிறவள், மலையில் முழங்கால் வெளுத்த சுடிதாரோடு மழையில் நனைகிறாள். செவலைக்குச் சுல்தான் என்று பேர். சுல்தானுக்கென்று களம்பூர் சந்தையில் பார்த்துப் பார்த்து வெல்லம் வாங்குவாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறதாம், எனக்கு ஒரு துண்டு கிடையாது. அவள் கால் மிதிக்கிற கணக்கு அந்தக் குதிரைக்கும் பழகிவிட்டது. மற்றவர்கள் ஏறினால் கயிற்றை இழுக்க வேண்டும். இவள் ஏறினால் மிதித்தாலே போகும். என்னதான் இருக்கிறது அதில் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "நல்லாக்குதுங்க" என்பாள். அவ்வளவுதான் பதில். எனக்குப் பேஜாராகிவிடும்.

இந்த வருஷம் அவளுக்கு இடது முட்டி போய்விட்டது. வேலூரில் காட்டினோம். தறியில் உட்கார்ந்து மிதிக்கலாம், ஆனால் அந்தக் காலை ஊன்றி எதிலும் ஏறக்கூடாது என்றார் டாக்டர். சரண்யா அன்றைக்கே போன் போட்டாள்.

"அப்பா, அம்மாவ இனிமே குதிரை ஏத்தக் கூடாது. நீதான் பாத்துக்கணும்."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். தேவகியிடம் சொன்னால் கேட்கிற ஆளா? பாவு முடிகிற நாள் நெருங்க நெருங்க, நீலப் பை தானாக இறங்கி வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டது. வெல்லமும் வந்துவிட்டது. அதனால் நான் ஒரு வேலை செய்தேன். கடைசிச் சேலையைக் கொடுக்க அவள் முதலாளி வீட்டுக்குப் போன காலையில், எனக்காகக் காத்திருந்த வீடுகளையெல்லாம் விட்டுவிட்டு, எங்கள் தறியில் உட்கார்ந்து பிணைக்க ஆரம்பித்துவிட்டேன். புதுப் பாவு ஏறி, கற்பூரம் காட்டி, நாலு இழை ஓட்டிவிட்டால் தறியைப் போட்டுவிட்டு ஊருக்குப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. பட்டு இழுத்துக் கட்டிக் கிடக்கும், எலி வேறு உண்டு.

திரும்பி வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாங்க, நம்ம தறியில மொதல்ல வந்து உக்காந்துகினு இருக்கீங்க?"

"சும்மா எதுக்குக் கெடக்கணும்னுதான்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் பிணைத்து முடித்ததும் கற்பூரம் ஏற்றினாள், குழியில் இறங்கினாள், நெய்ய ஆரம்பித்தாள்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் சண்டையே போடவில்லை. குழம்பில் உப்பு சரியாக இருந்தது. நெசவில் ஒரு குறை இல்லை. அதுதான் என்னைப் போட்டு வாட்டியது. ராஜேஷ் போன் செய்தான். "இந்த வாட்டி வரலப்பா" என்று வைத்துவிட்டாள். வெல்லம் பொட்டலத்தோடு அடுப்பங்கரையில் கிடந்தது. மறுநாள் சாயந்தரம் என்னால் பொறுக்க முடியவில்லை.

"எம்மேல கோவமா?"

"கோவம் ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப இன்னாதான் இருக்குது அந்தக் குதிரையில? எனக்குப் புரியற மாதிரி ஒரு வாட்டி சொல்லித் தொலையேன்."

அவள் கால் நிற்கவில்லை. மிதித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து மிதிச்சிகினுதான் இருக்கறேன். மிதிச்ச எடத்துலயேதான் இருக்கறேன். அங்க மிதிச்சா போவுதுங்க."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இதை இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். காலையில் என் வெள்ளை வேட்டியை எடுத்துத் தறிமேல் போர்த்தினேன். எலிப்பொறி வைத்தேன். புதுப் பாவை யாராவது இப்படிப் போட்டுவிட்டுப் போவார்களா என்று முதலாளி போனில் கத்தினார். சரண்யா அதைவிட அதிகமாகக் கத்தினாள். "காலை ஊனாம ஏத்தறேன், போதுமா" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

ஏலகிரியில் எதிரே இருப்பவன் தெரியாத பனி. ராஜேஷ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தான். ஈர மண்ணில் அதன் கால் புதைந்து சாய்ந்தது. தேவகி அதைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள், "பரவால்லீங்க, தடவிக் குடுத்துட்டுப் போய்டலாம்" என்றாள். இதற்காகவா இரண்டு பஸ் மாறி, அத்தனை வளைவு ஏறி, தெருப்பூரா ஏச்சு வாங்கி வந்தேன்? துண்டைப் புல்மேல் விரித்தேன். கையையும் முட்டியையும் ஊன்றிக் குனிந்தேன்.

"ஏறு ஜல்தியா. எவனாச்சும் பாத்துடப் போறான்."

"உங்க மேலயா?"

"இல்ல, பஜ்ஜிக்கடைக்காரன் மேல."

வலது காலை ஊன்றி ஏறட்டும் என்று ராஜேஷ் குதிரையைத் திருப்பி நிறுத்தினான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, என் முதுகில் வலது காலை வைத்தாள். இவ்வளவு கனம் இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த நிமிஷம் கனம் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தபோது வலது, இடது, வலது, இடது என்று அவள் கால் மிதித்துக்கொண்டிருந்தது. இடது கொஞ்சம் மெதுவாக. சுல்தான் அதற்குத் தக்கபடி நடந்து பனிக்குள் போனான். உள்ளேயிருந்து அந்தப் பழைய சிரிப்பு கேட்டது.

என் முதுகு விண்விண் என்று வலித்தது. போன் அலறியது, தெருவில் யாருக்கோ பாவு தீர்ந்திருக்கும். அணைத்துப் பையில் போட்டேன். எழுந்து போய் ஒரு டீ குடிக்கலாம் என்றால், ஏறியவள் இறங்கவும் வேண்டுமே. துண்டை மடிக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.