மாமாவுக்கு மூக்காக இருந்த காலம்

எட்டு வயதில் நான் அரசாங்க வேலை பார்த்தவள். சம்பளம் கிடையாது, அது வேறு விஷயம். சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்களை நம்பி எந்த அரசாங்கமும் எட்டு வயதில் எதையும் ஒப்படைக்கவில்லை.

பாகலூர்ப் பக்கம் எங்கள் ஊர். வண்டியில் ஒரு மணி நேரம் போனால் மைசூர் ராஜ்யம். எங்கள் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் சாராயக்கடை. அதனால் அந்தப் பக்கத்து வியாழக்கிழமைச் சந்தைமேல் எங்கள் ஊர் ஆண்களுக்கு அப்படியொரு பிரியம். ஒரு கட்டுக் கொத்தமல்லி விற்க ஆறு பேர் கூடிப் போவார்கள்.

அப்பாவும் அவரைக்காய் மூட்டைகளோடு வண்டி கட்டிக்கொண்டு போவார். திரும்பும்போது வண்டியில் படுத்துக்கொண்டு வருவார், மாடுகள் கொண்டுவந்து சேர்க்கும். அப்பாவுக்குத் தலைவலி என்று அம்மா சொல்வாள், நானும் நம்பினேன். அன்றைக்கு அம்மா ராகிக் களியைக் கிண்டி மூடிவைத்துவிட்டு, தான் ஒரு வாய் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். மறுநாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். எனக்கு வியாழக்கிழமையே பிடிக்காது.

அந்த வருஷம் தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, மதுவிலக்குக்கு ஊருக்கு ஒரு தொண்டர் வேண்டும் என்றார். "நோக்கம் சுத்தமா இருக்கணும்" என்று மூன்று தடவை சொன்னார். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். எழுந்து நின்றவர் என் தாய்மாமன். முந்தின நாள் அவரும் அம்மாவும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்து, என்னைக் கண்டதும் நிறுத்தியிருந்தார்கள். எனக்குப் புதுப் பாவாடை எடுக்கப் போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தொண்டரின் வேலை, சந்தையிலிருந்து திரும்புகிறவர்களின் வாயை மோந்து பார்ப்பது. ஆனால் மாமா மூக்குப்பொடி போடுகிறவர். "பொடி போட்டுப் போட்டு மூக்கு செத்துப்போச்சுக்கா. பொண்ணை அனுப்பு" என்று அம்மாவிடம் கேட்டார். தெருமுனைக்குக்கூட என்னைத் தனியாக விடாத அம்மா, உடனே தலைபின்னி அனுப்பிவைத்தாள். நாட்டுக்கு என் மூக்கு தேவைப்படுகிறது என்று பூரித்துப்போனேன்.

ஊருக்கு வெளியே ரோட்டுப் பாலத்தின் கட்டைச்சுவர்தான் எங்கள் ஆபீஸ். சாயங்காலம் அதன்மேல் என்னை ஏற்றி நிறுத்துவார் மாமா. வருகிறவர்கள் என் முகத்துக்கு நேரே "ஹொசூரு" என்று சொல்லவேண்டும். தமிழில் ஓசூர் என்றால் காற்று வருவதில்லை. கன்னடத்தில் சொன்னால்தான் அடிவயிற்றிலிருந்து வரும். அதுவரைக்கும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் கலந்து பேசிக்கொண்டிருந்த ஒருவர், "நான் தமிழன், ஓசூர்னுதான் சொல்லுவேன்" என்று அன்றைக்குப் பார்த்து மார்தட்டினார். அவரை நான் காதோரமாகவே மோந்து பிடித்துவிட்டேன்.

பிடிபட்டவர்களை மாமா போலீசுக்கு அனுப்பவில்லை. மோர் கொடுத்து, வாடை போகிறவரைக்கும் கட்டைச்சுவரில் உட்காரவைப்பார். உனக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். தாலுகா ஆபீஸ்காரரிடம் தேச சேவை என்றார். ஊர்க்காரர்களிடம் பொழுது போகவேண்டாமா என்றார். நானும் கேட்டேன்.

"நோக்கம்னா என்னா மாமா?"

"என்னாத்துக்கு நிக்கறமோ அது."

"என்னாத்துக்கு நிக்கறோம்?"

ஒரு சிட்டிகை பொடியை உறிஞ்சிவிட்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வர்றவங்க வந்துட்டாங்களான்னு பாக்கத்தான்" என்றார்.

அப்பா மட்டும் எங்கள் பாலத்துக்கு வரவே இல்லை. ஏரிக்கரை வண்டித்தடத்தில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மாடுகளுக்குக் காற்றாட இருக்கும் என்றார். மாடுகள்மேல் அப்பாவுக்கு எவ்வளவு அக்கறை என்று நான் பெருமைப்பட்டேன். அம்மா களியை மூடிவைத்துக் காத்திருப்பது மட்டும் நிற்கவில்லை.

நாலாவது வாரம் அப்பா எல்லையிலேயே தூங்கிவிட்டார் போலிருக்கிறது. ஏரிக்கரை அப்பாவின் யோசனை. மாடுகளுக்குத் தெரிந்தது ரோடுதான். அவை ஆடி அசைந்து வந்து, முன்னால் நின்ற வண்டிகளுக்குப் பின்னால் ஒழுங்காக வரிசையில் நின்றன. அப்பா கண்விழித்தபோது என் முகம்தான் தெரிந்தது.

"ஓசூர்" என்றார் அப்பா, உதட்டை அசைக்காமல்.

"கன்னடத்துல சொல்லுங்கப்பா."

உட்கார்ந்திருந்தவர்கள் கனைத்தார்கள். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா மேற்கே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அப்பா குனிந்து சொன்னார். நாலு நாள் புளித்த மாவின் வாடை. அத்தனை வாரத்தில் இவ்வளவு நல்ல பிடி எனக்குக் கிடைத்ததே இல்லை. "வருது மாமா, ரொம்ப வருது" என்று சந்தோஷத்தில் கத்தினேன்.

அப்பா மோரை வாங்கிக்கொண்டு மற்றவர்களோடு உட்கார்ந்தார். நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் மோந்து, "இன்னும் வருது" என்று அறிவித்தேன். ஒவ்வொரு தடவையும் அப்பா குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

"இவளை என்னாத்துக்குய்யா கூட்டியாந்தே?" என்று கடைசியில் மாமாவிடம் கேட்டார்.

"எனக்கு மூக்கு வேலை செய்யலை மச்சான்" என்றார் மாமா.

அடுத்த வியாழக்கிழமை பொழுது இருக்கும்போதே அப்பா ரோட்டு வழியாக வந்தார். யாரும் கேட்காமலே இறங்கி வந்து, என் முகத்தில் முடி பறக்க "ஹொசூரு" என்றார். வேர்க்கடலை வாசனை. அதற்கடுத்த வாரமும் வேர்க்கடலை. இரண்டு மாதம் போல எனக்கு வேர்க்கடலை வாங்கிவந்துகொண்டே இருந்தார். அம்மா அவரோடு உட்கார்ந்து களி சாப்பிட்டாள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, "இனிமே நீ போகவேணாம்" என்றாள் அம்மா. இவ்வளவு உழைத்த என்னை ஒரு வார்த்தையில் வேலையை விட்டு எடுத்துவிட்டாள். இன்னும் எத்தனை பேர் குடித்துவிட்டு வருகிறார்கள், மாமா என்ன செய்வார் என்று வாதாடினேன். அவர் பார்த்துக்கொள்வார் என்றாள். அவரும் பார்த்துக்கொண்டார். அப்பாவுக்காக எழுந்து நின்றவர், அப்பா திருந்திய பிறகும் மற்றவர்களுக்காக எத்தனையோ வருஷம் அந்தப் பாலத்தில் மோர்ப்பானையோடு நின்றார். மூக்கில்லாமல் எப்படிச் சமாளிக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம்.

வேலை போன அன்றைக்கு அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். பாலத்துக்குப் போகிற வழியில் மாமா மோர் வாங்கிப்போக வந்தார். வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, பால் அடிபிடிக்குது பாரு" என்றார்.

அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்த எனக்கு அது தெரியவில்லை. என் மூக்கும் செத்துப்போச்சு, அதனால்தான் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, பாலை இறக்கிவைக்க எழுந்தேன்.