யூஜினியா வீட்டில் மட்டும் பச்சை

கணினியில் பில்டைத் தட்டிவிட்டதும் யூஜினியா ஐஸ்கிரீம் டப்பா கழுவ எழுந்துவிடுவாள். ஒரு பில்ட் ஓடி முடிய நான்கு நிமிடம். அதாவது மூன்று டப்பா, மூடியோடு. கழுவிய டப்பாக்கள் அலமாரியில் கூரையைத் தொட்டு நிற்கின்றன. பக்கத்தில் காலி பிஸ்கட் டின்கள், ஒரு ஜாடி ரப்பர் பேண்ட், கிழித்த நாள்காட்டித் தாள்கள். "இருக்கட்டும்லா, எதுக்காவது ஒதவும்" என்பாள். பத்தாங் காலியில் அந்த வரிசை வீடுகளில் யார் வீட்டு மூடி தொலைந்தாலும் அவள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

ஜாவா எழுதுவது அவள் தொழில். செம்பனை எண்ணெய் ஆலைகளின் எடைப் பாலத்துக்கான மென்பொருள் அது. ஒன்பது மொடியூல்களாகப் பிரித்து எழுதியது. லோரியை நிறுக்க ஒன்று, சீட்டு அடிக்க ஒன்று என்று ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு நிற்கும். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவதுதான் பில்ட். கட்டு நின்றால் திரையில் பச்சை எழுத்து, அவிழ்ந்தால் சிவப்பு. பக்கத்து வீட்டு ஷாமளாவுக்கு ஜாவா தெரியாது, நிறம் தெரியும். துணி காயப் போட்டபடியே வேலிக்கு மேலே தலையை நீட்டுவாள்: "அக்கா, பச்சையா செவப்பா?" சிவப்பென்றால் ஆறுதலுக்கு அவள் வீட்டுக் குழம்பு வரும்.

போன புதன்கிழமை, கோல சிலாங்கூர்ப் பக்கத்து ஆலையொன்றில் சீட்டு அடிப்பது நின்றுவிட்டது. சீட்டில்லாமல் எந்த லோரியும் உள்ளே போக முடியாது. திருத்தத்தை யூஜினியா பதினோரு மணிக்கே எழுதிவிட்டாள். அவள் மடிக்கணினியில் பச்சை. கோலாலம்பூர் ஆபீஸ் மெஷினிலோ சிவப்பு. அங்கே பச்சை வந்தால்தான் ஆலைக்கு அனுப்பலாம்.

"அக்கா, இங்க மறுபடியும் ஃபெயில்" என்றான் ஆபீஸிலிருந்து போனில் குகன்.

"என் மெஷின்ல ஓடுதே!"

"அப்ப ஒங்க மெஷினையே தூக்கிட்டுப் போயி பாலத்துல வச்சிருவோமா?"

இன்னொரு போனில் கணவர் காப்ரியல். அவருடைய லோரி அதே ஆலை வாசலில், வரிசையில் பதினேழாவது. பின்னால் எட்டு டன் குலை வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

"யூஜி, பழமெல்லாம் என்னைய மொறைக்குது. எந்தப் புண்ணியவதிலா இத எழுதுனதுன்னு டிரைவருங்க கேக்கறானுங்க. நானும் சேந்து கேட்டுட்டேன்."

"நல்லா கேட்டீங்க, போங்க!"

நான்கு பில்ட், பன்னிரண்டு டப்பா. அழுக்கு டப்பா தீர்ந்துபோய், கழுவியதையே எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தபோது குகன் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, லோக்கல் ரெப்போவக் கடைசியா எப்பக் காலி பண்ணீங்க?"

பில்டுக்காக இறக்கும் ஒவ்வொரு துண்டையும் கணினி ஒரு மூலையில் சேர்த்து வைக்கும்; அந்த மூலைதான் லோக்கல் ரெப்போ. மற்றவர்கள் அவ்வப்போது துடைத்துவிடுவார்கள். யூஜினியாவின் மூலையில் ஆறு வருடச் சரக்கு.

"எதுக்குலா வீசணும்? நல்லாத்தானே இருக்கு."

"வீசுங்கக்கா!"

அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கால் மணி நேரம் கழித்துத்தான் அழித்தாள். பில்டைத் தட்டினாள். டப்பா பக்கம் போகவில்லை. கட்டைவிரல் நகத்தைக் கடித்தபடி நின்றாள்.

சிவப்பு.

"வந்திருச்சு!" துள்ளியதில் ஒரு செருப்பு சோபாவுக்கு அடியில் போனது. "ஷாமளா! என் வீட்லயும் செவப்பு!"

"ஐயோ, இருங்கக்கா, கொழம்பு கொண்டாறேன்!"

"வேணாம்லா, இது நல்ல செவப்பு! தப்பு எங்கன்னு இப்பத் தெரிஞ்சிரும்!"

மற்ற எட்டு மொடியூல்களும், எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பொதுப் பகுதியின் மூன்றாம் வெர்ஷனுக்கு மாறியிருக்க, சீட்டு மொடியூல் மட்டும் இரண்டையே கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டைப் போன மாதமே ஆபீஸ் சர்வரிலிருந்து எடுத்துவிட்டார்கள். உலகத்திலேயே அது மிச்சமிருந்த ஒரே இடம் யூஜினியாவின் மடிக்கணினி. அதனால்தான் அவள் வீட்டில் மட்டும் பச்சை. ஓர் எண்ணை மாற்றினாள்; இரண்டு மூன்றாயிற்று.

இங்கே பச்சை. நான்கு நிமிடத்தில் அங்கேயும் பச்சை. குகன் போனுக்குள்ளேயே விசிலடித்தான். மூன்று மணிக்குக் காப்ரியல் அழைத்தார். லோரி ஹார்னை மூன்று முறை நீளமாக அடித்தார். அப்படியும் ஷாமளாவின் குழம்பு வந்துவிட்டது, ஐஸ்கிரீம் டப்பாவில்.

யூஜினியா குழம்பைச் சட்டியில் ஊற்றிவிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தாள். ஆறு வருடச் சரக்கும் அதில் இருந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, மூடியை இரண்டு கையாலும் அழுத்தினாள்.