மணி திருடியவளும் கீழ்வீட்டு சுரேகாவும்

எங்கள் கட்டடத்து லிஃப்ட் என்னிடம் தினமும் பந்து கேட்கும். கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் போதும், "தர்வாஸா பந்த் கரேன்" என்று உள்ளிருந்து ஒரு பெண்குரல் விடாமல் கெஞ்சும். கல்யாணமாகி மேலப்பாளையத்திலிருந்து மும்பைப் பக்கத்துச் சான்பாடாவுக்கு வந்த புதிதில், எந்தப் பந்தைக் கேட்கிறாள் இவள் என்று திகைத்து நின்றிருக்கிறேன். பந்த் என்றால் மூடு, நிறுத்து என்று என் கணவர் சொல்லித் தந்தார். நான் கற்ற முதல் இந்தி வார்த்தை அதுதான். ஊரில் ஆள் வருவதற்கு முன்னால் தெருவிலிருந்தே குரல் வந்துவிடும். இங்கே எல்லாக் கதவும் சாத்தியே கிடந்தது. கணவர் தாராவியில் இருக்கும் தம் தோல்பைப் பட்டறைக்குக் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பெருநாளுக்கு ஊருக்குப் போனால் நான் திரும்பி வருவதாக இல்லை என்று அவரிடம் சொல்லியே விட்டேன். அவர் சண்டை போடவில்லை. மறுநாள் ஸ்டேஷன் வாசல் கடையிலிருந்து ஒரு சின்ன வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தார். டிவியில் மாட்டினால் பழைய விளையாட்டுகள் ஏராளமாக வரும்.

அவற்றுக்கு நடுவே எங்கள் விளையாட்டும் இருந்தது. வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த கேசட்டில் நானும் தம்பி ரியாஸும் பள்ளிக்கூட விடுமுறை முழுக்க ஆடியது. ஒரு சூனியக்காரி நாட்டிலுள்ள மணிகளையெல்லாம் திருடிக்கொண்டு போய்விடுவாள். மணியோசை இல்லாமல் ஊர்கள் தூங்கிப்போகும். சிவப்பு அங்கி போட்ட வீரன் ஒருவன் விளக்கோடு கிளம்பி, காடும் குகையும் தாண்டி, ஒவ்வொரு மணியாக மீட்பான். ஒவ்வொரு ஊராக விழிக்கும். எங்கள் கேசட்டில் எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. அதனால் வசனத்தை நாங்களே இட்டுக்கட்டினோம். எங்களைப் பற்றி உம்மாவிடம் கோள்மூட்டும் பக்கத்து வீட்டு மாமியின் பேரைத்தான் சூனியக்காரிக்கு வைத்திருந்தோம். ஆனால் ஏரி நடுவே நிற்கும் கோபுரத்தை மட்டும் எங்களால் தாண்ட முடியவில்லை. எந்தப் பொத்தானை எப்படி அமுக்கினாலும் வீரன் முங்கிப்போவான். கட்டைவிரல் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

ஒரு மத்தியானம் சத்தத்தைக் கூட்டி வைத்து ஆடிக்கொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது. கீழ்வீட்டு சுரேகா. நர்ஸ், இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவள். என் வயதுதான் இருக்கும். கலைந்த தலையோடு, டிவியைக் காட்டி ஏதோ படபடவென்று சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது 'பந்த்' ஒன்றுதான். பதறிப்போய் "சாரி, சாரி" என்று டிவியை அணைத்தேன். அவள் முகம் வாடிவிட்டது. கைகளை விரித்துக்காட்டிவிட்டு இறங்கிப் போனாள். ராத்திரி கணவரிடம் சொன்னேன்.

"என்ன சொன்னா? 'பந்த் கரோ'ன்னாளா, 'பந்த் மத் கரோ'ன்னாளா?"

"நடுவுல ஒரு மத்து வந்த மாதிரித்தான் இருந்துச்சி."

"ஏளா, நிறுத்தாதன்னு சொல்லியிருக்கா! நீ போயி அணச்சிருக்க." அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

மறுநாள் நானே கீழே இறங்கிப் போய் அவள் கதவைத் தட்டி, மேலே கூட்டி வந்தேன். பாதி சைகையிலும் பாதி ஆங்கிலச் சொற்களிலும் அவள் கதையைச் சொன்னாள். சிறுவயதில் தன் ஊரான சத்தாராவில் அண்ணனோடு அவளும் இதே விளையாட்டைத்தான் ஆடியிருக்கிறாள். அவர்களுக்குச் சூனியக்காரி பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. ஏரியில் அவர்களும் முங்கித்தான் போயிருக்கிறார்கள்! இப்போது பெட்டியில் இருப்பதோ ஆங்கிலம். கரையில் உட்கார்ந்திருக்கும் மீன்காரி சொல்வதை சுரேகா எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "குச் மத் கரோ. பைட்டோ." ஒன்றும் செய்யாதே, உட்கார் என்கிறாள் மீன்காரி. இரண்டு பேரும் பொத்தானிலிருந்து கையை எடுத்தோம். திரையில் நிலா எழும்பியது, தண்ணீர் வடிந்தது, கோபுரத்துக்கு ஒரு கல்பாதை தெரிந்தது. நர்ஸம்மா என் சோபாவில் ஏறி நின்று குதித்தாள்.

ரியாஸுக்கு உடனே போன் போட்டேன். "என்னது, சும்மா இருந்தாப் போதுமா? லாத்தா, எத்தன லீவு போச்சி!" என்று அலறினான். புது விளையாட்டுகளில் படம் நிஜம்போல இருக்கிறது, எழுத்தும் புரிகிறது. ஆனால் பாதியை நாமே கற்பனை செய்துகொண்ட உலகத்துக்குத்தான் மனது திரும்பத் திரும்பப் போகிறது. இதை சுரேகாவிடம் சொல்ல என்னிடம் இந்தி இல்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

பெருநாளுக்கு ஊருக்குப் போனேன். நான் திரும்புவதற்குள் சுரேகா இரண்டு முறை போன் செய்துவிட்டாள். கடைசிக் கோட்டை பாக்கி இருக்கிறதே. திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வீடியோ காலில் ரியாஸை மேசைமேல் சாய்த்து வைத்து ஆட உட்கார்ந்தோம். சூனியக்காரியின் மண்டபத்தில் இரண்டு படிக்கட்டுகள். "எடப்பக்கம் போ லாத்தா, அந்த மாமி அங்கதான் இருப்பா!" என்று ரியாஸ் கத்தினான். "நஹி, தாயே! ஹெட்மிஸ்ட்ரஸ்!" என்று சுரேகா கையை வலப்பக்கம் நீட்டினாள். இந்தியில் தாயே என்றால் வலப்பக்கம். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமலே இருவரும் உச்சக்குரலில் சண்டை போட்டார்கள். நடுவில் நான். என் சிவப்பு அங்கி வீரன் இரண்டடி இடப்பக்கம் நடந்தான், இரண்டடி வலப்பக்கம் நடந்தான், மறுபடி இடப்பக்கம் திரும்பினான்.