ஏரிக்கரையில் ஒரு கிணறு

மொன்றியலுக்கு வடக்கே, மலைகளுக்கு நடுவில் ஒரு ஏரிக்கரையில் அப்பா காணி வாங்கியபோது எனக்கு ஒன்பது வயது. கோழி, ஆடு, மரக்கறித் தோட்டம் என்று எங்கள் கையாலேயே சீவித்துவிடலாம் என்பது அவருடைய நினைப்பு. நகரத்தில் கோட்-டெ-நெய்ஜ் பக்கம் இருந்த அப்பார்ட்மென்டை விட்டுவர அம்மாவுக்கு மனமே இல்லை. நான் அம்மா கட்சி. மெட்ரோ இல்லாத ஊரும் ஒரு ஊரா?

வந்த கையோடு அப்பா கிணறு வெட்டத் தொடங்கினார். வாசலில் இருந்து ஐம்பது அடியில் ஏரி தளும்பிக்கொண்டு கிடக்கிறது!

“இஞ்சருங்கோ, முன்னாலை அவ்வளவு பெரிய லேக் கிடக்கு. பின்னாலை நிண்டு கிணறு வெட்டுறியள். உங்களுக்கு விசரோ?” என்றார் அம்மா.

“லேக் ஊருக்குப் பொது. கிணறுதான் வீட்டுக்கு.”

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. முதல் பனி கொட்டுவதற்குள் தண்ணீர் வராவிட்டால் காணியை விற்றுவிட்டு மொன்றியலுக்கே திரும்புவது. அன்றிலிருந்து நான் பனி வரவேண்டும் என்று கும்பிடத் தொடங்கினேன்.

எங்கே கொத்தினாலும் பாறை. நகரத்தில் வேலையால் வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் படுத்துவிடுகிற மனிதர், இங்கே குழிக்குள் நின்று பாட்டுப் பாடினார். அவருக்குப் பாட வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அந்தக் குளிரிலும் அம்மா குசினி ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் சமைத்தார்.

வானம் பனிக்கு இருண்டிருந்த ஒரு காலை. அப்பா இன்னும் எழும்பவில்லை. அம்மா ஏரியில் வாளி வாளியாக அள்ளிக் கிணற்றுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“என்னம்மா செய்யிறியள்? நாங்கள்தானே வெல்லப்போறம்!”

“வாயைப் பொத்திக்கொண்டு மற்ற வாளியைத் தூக்கு.”

தூக்கினேன், கோபம் கோபமாக.

அப்பா எழும்பி வந்து கிணற்றில் ஒரு வாளி அள்ளினார். அதற்குள் விரல் நீளத்தில் ஒரு மீன் ஓடித் திரிந்தது. பாறையில் வெட்டிய கிணற்றில் மீன்! பிடிபட்டோம் என்று நினைத்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. அப்பா மீனைப் பார்த்தார். அம்மாவின் காலில் நனைந்திருந்த சப்பாத்தைப் பார்த்தார். மீனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டுபோய் ஏரியில் விட்டுவிட்டு வந்து, வாளியில் ஒரு கை அள்ளிக் குடித்தார்.

“நல்ல தண்ணி,” என்றார்.

“ஓம்,” என்றார் அம்மா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அதற்குப் பிறகு அங்கே ஒன்பது குளிர்காலம் இருந்தோம். கையில் மீனை வைத்துக்கொண்டே ஏமாறுகிறாரே இந்த மனிதர் என்று, முதல் மூன்று நான்கு வருடமாவது, நான் அப்பாவுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே இருந்தேன்.