கல்யாண மண்டபத்தில் இரண்டு சாமிகள்

மாலை போட்டதில் எனக்குக் கிடைத்த முதல் லாபம், அண்ணன் என்னை அடிக்க முடியாமல் போனதுதான். அதுவரை “ஏட்டி” என்று முதுகில் சாத்திக்கொண்டிருந்தவன், “சாமி, கொஞ்சம் நகருங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதாயிற்று. அம்மாவே காலையில் “சாமி, எந்திரிங்க” என்றுதான் எழுப்புவாள். ஒன்பது வயதில் இதைவிடப் பெரிய பதவி யாருக்குக் கிடைக்கும்? நான் அதை முழுசாக அனுபவித்தேன்.

சபரிமலைக்குப் பெண்பிள்ளைகள் பத்து வயதுக்குள் போனால் உண்டு. தவறவிட்டால் ஐம்பது தாண்ட வேண்டும். முந்தின வருஷம் புறப்படும் நேரத்தில் எனக்கு அம்மை போட்டது. அதற்கு முந்தின வருஷம் அப்பா வழியில் ஒரு சாவு. தை பிறந்து கொஞ்ச நாளில் எனக்குப் பத்து வயதாகிவிடும். ஆகவே அந்த மகரவிளக்கை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை. அப்பா துபாயில் இருந்ததால் அழைத்துப் போகும் பொறுப்பு மாமாவுக்கு. குருசாமி எங்கள் சின்னத் தாத்தா.

மாமா தென்காசி பஜாரில் கைலி, துண்டு, வேட்டி விற்கும் சின்னக் கடை ஒன்றில் பாதி முதலாளி. மீதிப் பாதி, அவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த பாய். நான் அவரைப் பாய் மாமா என்பேன். கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டி வியாபாரம் சூடு பிடிக்கும். மாமாவுக்கு மாலை போட முதல் வேட்டியை மடித்துக் கொடுப்பது பாய் மாமாதான். அந்த நாட்களில் அவரும் மாமாவைச் சாமி என்றே கூப்பிடுவார், மீன் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வரமாட்டார். இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

அந்த வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது. தில்லியில் இருந்த தலைவர் திடீரென்று நோட்டு செல்லாது என்று அறிவித்ததில் முதல் அடி. எழுந்து உட்காருவதற்குள் இரண்டாவது அடி வாட்ஸ்அப்பில் வந்தது. மாலை போடுகிறவர்கள் ‘நம்ம ஆட்கள்’ கடையில் மட்டும் வேட்டி எடுக்க வேண்டும் என்று எவனோ எழுதி அனுப்ப, அது ஊர் முழுக்கச் சுற்றியது. வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தவர்கள் எதிர்ச்சாரிக் கடைக்குப் போனார்கள். ஒருவர் மட்டும் வந்து மாமாவைத் தனியே கூப்பிட்டு, “பாயைப் பிரிச்சு அனுப்பிரும் சாமி, நான் பத்துப் பேரைக் கூட்டிட்டு வாறேன்” என்றார். மாமா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் அங்கே தலைவர் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பார். பேச்சில் ‘அவர்கள்’, ‘அவர்கள்’ என்று வரும். யாரைச் சொல்கிறார் என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாமா ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டு, கோபம் கூடாத விரதம் என்பதால் சரணம் சொல்ல ஆரம்பிப்பார். அவ்வளவு கோபமான சரணத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

நாங்கள் மலைக்குப் புறப்பட்ட அதே நாளில் அந்தத் தலைவர் தென்காசிக்குப் பேச வந்தார். சில கட்சிக்காரர்கள் கறுப்புக்கொடி காட்டப் போவதாக அறிவித்திருந்தார்கள். கறுப்பு எதுவும் தலைவர் கண்ணில் படக்கூடாது என்று போலீசுக்கு உத்தரவு. மார்கழிக் கடைசியில் குற்றாலத்தில் கறுப்பு கண்ணில் படக்கூடாது என்றால் என்ன செய்வது? அருவியில், கடைத்தெருவில், சிப்ஸ் கடை வாசலில் என்று திரும்பிய பக்கமெல்லாம் சாமிமார். போலீஸ்காரர்களைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அருவியில் குளித்து, இருமுடி கட்டி, வேனில் ஏறிச் செங்கோட்டை ரோட்டைத் தொடுவதற்குள் மறித்துவிட்டார்கள். தலைவரின் கார்கள் போகும்வரை வண்டி நகராது என்றார்கள். கட்டு நிறைய மஞ்சள் துண்டு கொண்டுவந்து ஆளுக்கொன்று கொடுத்து, கறுப்பு தெரியாமல் போர்த்திக்கொள்ளச் சொன்னார்கள். சின்னத் தாத்தா போர்த்திக்கொண்டார், எல்லோரும் போர்த்திக்கொண்டார்கள். எனக்கு மஞ்சள் பிடிக்கும் என்பதால் நானும். டிவியில் வருகிறவரை நேரில் பார்க்கப் போகிறோம் என்று எனக்கு ஒரே குதூகலம். நான் நச்சரித்ததால் மாமா இறங்கி என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

வரிசையாகக் கார்கள் வந்தன. ஒன்றின் கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு கை எங்களைப் பார்த்து அசைந்தது. எனக்குக் கீழே மாமா மஞ்சள் துண்டை உருவிப் போட்டுவிட்டு, தன் கறுப்புத் துண்டை எடுத்து உயர்த்தி அசைத்தார். அடடா, மாமாவும் டாட்டா காட்டுகிறாரே என்று நினைத்தேன். நான் மட்டும் சளைத்தவளா? என் மஞ்சளையும் எறிந்துவிட்டு, கழுத்தில் கிடந்த கறுப்புத் துண்டை எடுத்து, “டாட்டா! டாட்டா!” என்று தொண்டை கிழியக் கத்தி வீசினேன்.

எங்கள் இரண்டு பேரையும் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். நம் ஊரில் மறியல் செய்தவர்களைக் காலையில் பிடித்து மண்டபத்தில் வைத்து, மத்தியானம் சோறு போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவது வழக்கம் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று உண்மையிலேயே யாருக்கோ கல்யாணம் என்றுதான் நினைத்தேன். உள்ளே கறுப்புச் சட்டைக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சாமியே இல்லை என்கிற கட்சி அவர்கள். அவர்களுக்கு நடுவே எங்களைப் போல் அகப்பட்ட ஐயப்பமார் சிலர். எல்லோரும் கறுப்பு, பாதிப் பேர் தாடி. ஏட்டையா ஒருவருக்கு எண்ணிக்கை எடுக்க வேண்டும். யார் எந்த வகை என்று பார்த்துப் பார்த்துத் தலை சுற்றியவர், கடைசியில், “சாமி உண்டுங்கறவங்க இந்தப் பக்கம் உக்காருங்க, இல்லைங்கறவங்க அந்தப் பக்கம் போங்க” என்று சத்தம் போட்டார். மண்டபமே சிரித்தது. மத்தியானம் முட்டை பிரியாணி வந்தது. விரதக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, சாமி இல்லை என்ற பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து போய்ப் போலீசோடு மல்லுக்கட்டி எனக்கு ஒரு சீப்புப் பழம் வாங்கி வந்தார். “சாப்பிடுங்க சாமி” என்று அவரும் சொன்னார்.

சின்னத் தாத்தா வாசலில் நின்று இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். வேனில் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், இனியும் தாமதித்தால் மகரவிளக்குக்குப் போய்ச் சேர முடியாது. இன்ஸ்பெக்டரும் மாலை போட்டு மலைக்குப் போகிறவர்தான் போலிருக்கிறது. உள்ளே வந்து என் முன்னால் குனிந்தார்.

“சாமி, நீங்க என்ன செஞ்சீங்க?”

“டாட்டா காட்டுனேன்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மாமாவைப் பார்த்தார். “பிள்ளை சொல்லிட்டுல்லா. நீங்களும் வரவேற்கத்தான் துண்டை வீசுனேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. இப்பமே மலைக்குக் கிளம்பிரலாம்.”

மாமா என் தலையைத் தடவினார். “பிள்ளை டாட்டாதான் காட்டிச்சு. நான் காட்டுனது கறுப்புக்கொடி” என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வசூலுக்கு வருகிறவனிடம் மாமா ஊரில் இல்லை என்று என்னைச் சொல்லச் சொன்னவர்தானே இவர்? ஒரே ஒரு பொய்யில் என்ன வந்துவிடப் போகிறது? “சொல்லிருங்க மாமா, சொல்லிருங்க மாமா” என்று அவர் துண்டைப் பிடித்து இழுத்தேன்.

அதற்குள் சேதி கேட்டுப் பாய் மாமா கடையை அடைத்துவிட்டு வந்து சேர்ந்தார். அவரும் மாமாவின் காதோடு, “ஒத்த வார்த்தைதான சாமி, சொல்லிட்டுப் போவும். எல்லாவனும் தெரிஞ்சுக்கிடுவான்” என்றார். “ஒமக்குத் தெரியும். மத்தவன் என்னத்தத் தெரிஞ்சான்?” என்றார் மாமா. பாய் மாமா வேனைக் கேரள எல்லையில் புளியறை செக்போஸ்டில் நிற்கச் சொல்லிச் சின்னத் தாத்தாவை அனுப்பிவிட்டு, மாமாவுக்கு ஜாமீன் பேச ஆள் பிடித்துவிட்டு, எழுதிக் கொடுத்து என்னை வெளியே எடுத்துத் தன் டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டார். லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து அவர் ஓட்டியபோது நான் அவர் முதுகில் முகத்தை வைத்து அழுதுகொண்டே போனேன். மாமாவிடம் போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

மலைக்குப் போய்விட்டேன். பதினெட்டுப் படியும் ஏறினேன். மாமாவின் நெய்த்தேங்காயையும் சின்னத் தாத்தாதான் உடைத்து அபிஷேகத்துக்குக் கொடுத்தார். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டதால் மாமாவுக்கு அந்த வருஷம் மலை இல்லை. பதினேழு வருஷம் விடாமல் போனவர், பதினெட்டாவது வருஷ மாலையைக் குற்றாலத்தில் ஒரு கோயிலில் கழற்றினார். இதெல்லாம் எனக்குத் திரும்பி வந்தபிறகு தெரிந்தது. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை, நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

பிரசாதத்தை அம்மா என் கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்பினாள். கடையில் வாங்குகிற ஆள் இல்லை. மாமாவும் பாய் மாமாவும் விற்காத கறுப்பு வேட்டிகளை எடுத்து அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா அரவணையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பாதியைப் பாய் மாமாவுக்குக் கொடுத்தார்.

“சாமிகிட்ட என்ன கேட்ட?” என்றார்.

நான் மறைக்கவில்லை. “மாமாவுக்கு நல்ல புத்தி குடுன்னு கேட்டேன்.”

மாமா கடை அதிரச் சிரித்தார். பாய் மாமா சிரிக்கவில்லை. கையில் இருந்த வேட்டியோடு என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளே, அப்படியெல்லாம் கேக்காத. அவனுக்கு அந்தப் புத்தி வந்துட்டா நான் எங்கன போவேன்?”

அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து எனக்கு வேடிக்கையாக இருந்தது. அச்சன்புதூரில் அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது, வாசலில் டிவிஎஸ் நிற்கிறது, கடையில் பாதி அவருடையது. இவருக்கா போக இடமில்லை என்று, நானும் மாமாவோடு சேர்ந்து சிரித்தேன்.